சி70 டைமிங் செயின் சத்தம்: அந்த போல்ட்டை இன்னும் எத்தனை சுற்று இறுக்குவது?

நீங்கள் கேட்டது இதுதான்: உங்கள் அப்பாவின் 6 வோல்ட் ஹோண்டா சி70-இல், இடது பக்கம், மேக்னட் எனும் மின்சாரச் சக்கரத்தின் கவருக்குக் கீழே இருக்கும் டென்ஷனர் (செயினின் தளர்வை எடுக்கும் அமைப்பு) போல்ட்டை இன்னும் எத்தனை சுற்று இறுக்கினால் அந்தக் கடகட சத்தம் நிற்கும்? ஏற்கெனவே இரண்டு தடவை இறுக்கிவிட்டீர்கள், சத்தம் குறையவில்லை, கொஞ்சம் கூடின மாதிரிதான் இருக்கிறது. நண்பர் ஒருவர் இது தானாகவே சரிசெய்துகொள்ளும் டைப், கை வைக்காதே என்கிறார், இன்னொருவர் யூடியூப் பார்த்துவிட்டு, மேக்னட்டில் பிஸ்டன் உச்சிக்கு வந்ததைக் காட்டும் 'டி' குறியில் நிறுத்தி இறுக்கு என்கிறார். சரி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மீதியெல்லாம் அதிலிருந்துதான் வரும். அந்த போல்ட் செயினை இறுக்காது. அது ஒரு பூட்டு, அவ்வளவுதான். உள்ளே ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும் ஒரு ராடைப் பக்கவாட்டில் அழுத்தி, அது நிற்கிற இடத்திலேயே பிடித்து வைக்கும். செயின் தளர்ந்திருக்கும்போது நீங்கள் அதை இறுக்கினால், தளர்ந்த நிலையிலேயே பூட்டுகிறீர்கள்.

இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன் என்பதால் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மலேசியாவின் ஈப்போவில் ஒரு சீனத் தவுக்கேயின் (முதலாளியின்) மோட்டார் கடையில் பதினாறு வயதில் சேர்ந்தவன் நான். முதல் இரண்டு வருஷம், தோட்டத்திலிருந்து வரும் கப்சாய்களுக்கு (சின்ன மோட்டார்களுக்கு) மினியாக் ஹித்தாம் (எஞ்சின் எண்ணெய்) மாற்றுவதும் செயின் ஸ்ப்ராக்கெட் கழுவுவதும்தான் வேலை. பினாங்கின் லோ பூன் சியூ ஹோண்டாவை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்ததிலிருந்து, எந்தக் கம்பெனி மோட்டாரையும் 'ஹோண்டா' என்றே சொல்லிப் பழகிய பெரியவர்கள் இருந்த காலம் அது. ரப்பர் பால் வெட்டப் போகிறவர், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்குகிறவர், பின்னால் ஒரு மூட்டை உரம் கட்டிக்கொண்டு மண்பாதையில் ஏறுகிறவர் என்று எல்லோரும் இந்த சி70-தான். அதனால் இந்த எஞ்சினைக் கழற்றி மாட்டிய எண்ணிக்கையில் எனக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் உங்கள் மோட்டாரை நான் பார்க்கவில்லை, நீங்கள் போட்ட ஒலிப்பதிவை மட்டும்தான் கேட்டேன், கைப்பேசி எல்லாச் சத்தத்தையும் ஒரே தட்டையாக்கிவிடும். ஆகவே கீழே சொல்வதில் எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்பது உறுதி. உங்கள் எஞ்சினில் எந்தச் சாமான் போய்விட்டது என்பது என் ஊகம்.

1958இல் வந்த முதல் கப் (உங்கள் சி70-உம் இந்தக் குடும்பம்தான்), சி100, புஷ்ராடு எஞ்சின், நீளக் குச்சிகள்தான் வால்வைத் திறக்கத் தள்ளும். அதில் டைமிங் செயினே கிடையாது. அறுபதுகளின் நடுவில், வால்வைத் திறக்கும் கேமை சிலிண்டரின் தலையான ஹெட்டுக்குள் தூக்கி வைத்த பிறகுதான் இந்தத் தலைவலி ஆரம்பம். உங்கள் சி70-இல், பிஸ்டன் சுழற்றும் கிராங்கில் 14 பல், கேமில் 28 பல், நடுவே 82 கண்ணி உள்ள ஒரு மெல்லிய செயின். போர் (சிலிண்டர்) கிட்டத்தட்டப் படுத்துக் கிடப்பதால் செயினும் முன்னும் பின்னுமாக நீளமாகப் படுத்து ஓடுகிறது. அதைக் கட்டுக்குள் வைப்பது மூன்று ரப்பர் சாமான்கள். போருக்கு நடுவில் ஒரு கைடு ரோலர், டென்ஷனர் ஆர்மின் நுனியில் இன்னொரு ரோலர், அந்த ஆர்மைக் கீழிருந்து தள்ளும் ராடின் தலையில் ஒரு ரப்பர். ராடுக்கு அடியில் ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ, அதையும் மூடிக்கொண்டு எஞ்சின் அடியில் 14 சைஸ் போல்ட் ஒன்று. செயின் தேய்ந்து நீள நீள ஸ்பிரிங் ராடை மேலே தள்ளி அந்தத் தளர்வை எடுக்க வேண்டும், ஆனால் பக்கத்துப் பூட்டு போல்ட் இறுக்கமாக இருக்கும் வரை அதனால் தள்ள முடியாது. நீங்கள் வந்து பூட்டைத் திறந்துவிட்டால்தான் தள்ளும். அட்ஜஸ்ட் பண்ணுவது என்று நாம் சொல்வதெல்லாம் இந்தத் திறந்து மூடும் வேலைதான். உங்கள் நண்பர் 'தானாகவே' என்று சொன்னது இஎக்ஸ்5 மாதிரி பிறகு வந்த எஞ்சின்களுக்குப் பொருந்தும். அவற்றில் பக்கத்தில் பூட்டு போல்ட்டே இருக்காது, ராடுக்குள் நிற்கும் எண்ணெய்தான் அது பின்னால் வராமல் பிடித்துக்கொள்ளும். உங்களுடையதில் நட்டும் போல்ட்டும் இருக்கிறதென்றால் அது பழைய டைப், சந்தேகமே வேண்டாம்.

கை வைப்பதற்கு முன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். வேறு எதற்கோ டென்ஷனரைப் பழி சொல்லி முழு எஞ்சினையும் பிரித்த ஆட்கள் எனக்குத் தெரியும். டேப்பெட் (வால்வுக்கு விடும் இடைவெளி) சத்தம் தையல் மெஷின் மாதிரி, டிக் டிக் என்று ஒரே தாளத்தில், த்ரோட்டில் கொடுத்தால் வேகம் கூடுமே தவிர தாளம் மாறாது. டைமிங் செயின் சத்தம் அப்படி இல்லை. காலி மிலோ டின்னில் இரண்டு நட்டைப் போட்டுக் குலுக்கின மாதிரி, ஐட்லிங்கில் ஒழுங்கில்லாமல் வரும், கொஞ்சம் த்ரோட்டில் கொடுத்துப் பிடித்தால் அமுங்கும், விட்டவுடன் எஞ்சின் வேகம் இறங்கும் அந்த இரண்டு வினாடியில் மறுபடி பலமாகக் கேட்கும். அதோடு அது இடது பக்கத்துச் சத்தம். வலது பக்கம் குனிந்தால்தான் அதிகம் கேட்கிறது என்றால் கிளட்ச் பக்கம் பாருங்கள். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் போரின் இடது பக்கத்தில் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பது பழைய வைத்தியம், இன்றைக்கும் நான் அதைத்தான் செய்கிறேன். டேப்பெட்டை முதலில் சரி பண்ணிவிடுங்கள்: எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது, கம்ப்ரெஷன் முடிவில் (பிஸ்டன் உச்சியில், இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது), இரண்டு வால்வுக்கும் 0.05 மில்லிமீட்டர் இடைவெளி. அது சரியாக இல்லாமல் டைமிங் செயின் சத்தத்தைக் கேட்டு அட்ஜஸ்ட் பண்ணுவது, சந்தையில் நின்றுகொண்டு கடிகாரச் சத்தம் கேட்பது மாதிரி. எண்ணெய் அளவும் பாருங்கள். முக்கால் லிட்டர் சுமாருக்குத்தான் இதில் எண்ணெய், பேப்பர் ஃபில்டர் கிடையாது, கொஞ்சம் குறைந்தாலும் சத்தத்தில் தெரியும்.

இப்போது வேலை. மோட்டாரைச் சென்டர் ஸ்டாண்டில் வெளியில் நிறுத்தி, சூடாகும் வரை ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். புகைக்குழாய் வலது பக்கம் என்பதால் இடது பக்கம் கை சுடும் பயம் குறைவு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பூட்டு நட்டைத் தளர்த்துங்கள், பிறகு நடுவில் இருக்கும் போல்ட்டை அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். அதற்கு மேல் போனால் எண்ணெய் வழியும். அந்த அரைச் சுற்றில் ராடு தன் பாட்டுக்கு ஏறி, சத்தம் சட்டென்று மாறும். நல்ல நிலையில் இருக்கும் எஞ்சினில் இது காதால் கேட்கக்கூடிய மாற்றம், டின்னுக்குள் குலுங்கிய நட்டை யாரோ கையால் பிடித்துக்கொண்ட மாதிரி. லேசாக ஒரு தடவை த்ரோட்டில் கொடுத்து விடுங்கள், மறுபடி ஐட்லிங் நின்று நிதானமானதும் போல்ட்டை இறுக்குங்கள், மெதுவாக, சின்ன ஸ்பேனரால், இரண்டு விரல் பலத்தில். அப்புறம் போல்ட் சுற்றாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். அவ்வளவுதான், ஐந்து நிமிஷ வேலை. எஞ்சின் ஓடும்போது செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நின்ற எஞ்சினில் வால்வு ஸ்பிரிங் கேமை ஏதாவது ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கும், தளர்வு எந்தப் பக்கம் சேர்ந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. ஓடும் எஞ்சினில் அது சேர வேண்டிய பக்கத்தில்தான் சேரும்.

யூடியூப்காரர் சொன்ன 'டி' குறி எங்கிருந்து வந்தது என்றால், பெரிய ஹோண்டாக்களிலிருந்து. 1969இல் வந்த நான்கு சிலிண்டர் சிபி750-இல், முதல் சிலிண்டர் கம்ப்ரெஷனில் 'டி' குறி தாண்டி இன்னும் 15 டிகிரி திருப்பி நிறுத்தி, எஞ்சின் ஓடாமலேயேதான் டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்தி இறுக்க வேண்டும். அந்த எஞ்சினுக்கு அது சரி. வேடிக்கை என்னவென்றால், அதிலும் கதை இதேதான்: போல்ட் பூட்டு, தள்ளுவது ஸ்பிரிங். எத்தனை விலை உயர்ந்த பழைய ஹோண்டாவானாலும் அதை 'இறுக்க' நினைத்தவர்கள் கெடுத்திருக்கிறார்கள்.

போல்ட்டைத் தளர்த்தியும் சத்தம் துளிகூட மாறவில்லை என்றால், அடுத்த கட்டம். எஞ்சின் அடியில் இருக்கும் அந்த 14 போல்ட்டைக் கழற்ற வேண்டும். எண்ணெய் வடிக்கும் போல்ட் 17 சைஸ், பக்கத்திலேயே இருக்கும், மாற்றிக் கழற்றிவிட்டால் முக்கால் லிட்டரும் உங்கள் செருப்பில். 14-ஐக் கழற்றினாலும் கொஞ்சம் வடியும், ஒரு தட்டு வையுங்கள். உள்ளே ஸ்க்ரூடிரைவர் வெட்டு உள்ள ஒரு ஸ்க்ரூ தெரியும். பக்கத்துப் பூட்டு தளர்ந்தே இருக்க, எஞ்சின் ஐட்லிங்கில் ஓட, அந்த ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாக உள்ளே திருப்புங்கள். சத்தம் நின்ற இடத்தில் நிறுத்துங்கள். நின்ற பிறகு இன்னும் ஒரு கால் சுற்று 'பாதுகாப்புக்கு' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அப்படிக் கேட்டவன் நான். கடையில் சேர்ந்து மூன்றாவது வருஷம், தவுக்கே சாப்பிடப் போயிருந்தார், ஒரு தோட்டத்துக் கங்காணி அவசரம் என்று நின்றார். நான் அந்த ஸ்க்ரூவைச் சத்தம் நிற்கும் வரை திருப்பி, நின்ற பிறகும் முழுசாக இரண்டு சுற்று கொடுத்தேன். மோட்டார் பட்டுப்போல ஓடியது. ஆனால் த்ரோட்டில் கொடுத்தால் அடியில் 'ஊ...ங்' என்று மெல்லிய ஓர் ஊளை. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. கொஞ்ச நாளில் அவர் திரும்ப வந்தார். எண்ணெயை வடித்து வலது கவரைத் திறந்து எண்ணெய் வடிகட்டும் வலையை இழுத்தபோது, கறுப்புக் கடுகு மாதிரி ரப்பர் துகள் அடை அடையாக ஒட்டியிருந்தது. டென்ஷனர் ரோலர் பாதி போய், செயின் இரும்பில் உரசிக்கொண்டிருந்தது. தவுக்கே என்னைத் திட்டவில்லை. அந்த ரோலரை ஒரு கம்பியில் கோத்து, நான் தினமும் டூல் எடுக்கும் பலகைக்கு மேல் தொங்கவிட்டார். செயின் தளர்ந்திருப்பதைவிட அளவுக்கு மீறி இறுகியிருப்பது கெடுதல் என்று அன்றைக்குப் படித்ததுதான். கொஞ்சம் தளர்ந்த செயின் சத்தம் போட்டு எச்சரிக்கும், இறுகின செயின் சத்தம் காட்டாமல் ரோலரையும் ஸ்ப்ராக்கெட்டையும் தின்னும்.

உங்கள் விஷயத்தில் எனக்கு உள்ள சந்தேகம் வேறு. நீங்கள் ஏற்கெனவே இரண்டு தடவை பலமாக இறுக்கியிருக்கிறீர்கள். அந்த போல்ட்டின் நுனி ராடின் பக்கத்தில் நேராகக் குத்தும். பலமாக இறுக்கினால் ராடில் சின்னக் குழி விழும். குழி விழுந்த ராடு, பிறகு போல்ட்டைத் தளர்த்தினாலும் குழி ஓரத்துப் பிசிறு துளைச் சுவரில் மாட்டிக்கொண்டு நகராது. இப்படி வந்த எஞ்சின்களை நிறையப் பார்த்திருக்கிறேன், ஆனால் உங்களுடையது அதுதான் என்று பார்க்காமல் சத்தியம் பண்ண மாட்டேன். சோதிப்பது சுலபம். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, 14 போல்ட்டையும் உள்ளே இருக்கும் ஸ்க்ரூவையும் கழற்றி, பக்கத்துப் போல்ட்டை நன்றாகத் தளர்த்திவிட்டால் ஸ்பிரிங்கும் ராடும் கீழே வர வேண்டும். ராடு தானாக வழுக்கி வந்தால் நல்லது. குறடு போட்டு இழுக்க வேண்டியிருந்தால் விடை கிடைத்துவிட்டது. வெளியே எடுத்ததும் துணியால் துடைத்து, பக்கவாட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் மாட்டும் இடத்தை மெல்லிய எண்ணெய்க் கல்லில் தேய்த்துச் சமமாக்கலாம், குழி ஆழமென்றால் புதிது வாங்குங்கள். தலையில் இருக்கும் ரப்பரை விரலால் அமுக்குங்கள். ரப்பராக இருந்தால் கொஞ்சமாவது அமுங்கும். நாற்பது வருஷத்து ரப்பர் பெரும்பாலும் பேக்லைட் பொத்தான் மாதிரி கல்லாகியிருக்கும், அல்லது நடுவில் பள்ளம் விழுந்து காளான் மாதிரி விரிந்திருக்கும். ராடு வெளியே இருக்கும்போது கிக்கரை மிதிக்காதீர்கள், தளர்ந்த செயின் ஒரு பல் தாண்டிவிட்டால் வேலை இரட்டிப்பு. ஒரு பல் என்றால் சின்னதாகத் தோன்றும், ஆனால் கேமில் 28 பல்தான், ஒரு பல் பிசகினால் கிராங்குக் கணக்கில் 25 டிகிரிக்கு மேல்.

இதெல்லாம் நன்றாக இருந்தும் சத்தம் நிற்காவிட்டால் செயினே போய்விட்டது, அல்லது ரோலர்கள். அதையும் பிரிக்காமல் ஓரளவு பார்த்துவிடலாம். ஹெட்டின் இடது பக்கத்து வட்டக் கவரைக் கழற்றுங்கள், அதைப் பிடித்திருக்கும் நீள போல்ட்டின் தலை வலது பக்கம் இருக்கும். மேக்னட்டை இடஞ்சுழியாகத் திருப்பி 'டி' குறியில் நிறுத்துங்கள். தாண்டிப் போனால் பின்னால் திருப்பாமல் மறுபடி ஒரு சுற்று வாருங்கள். அப்போது கேம் ஸ்ப்ராக்கெட்டில் இருக்கும் சின்ன வட்டக் குறி ஹெட்டில் உள்ள வெட்டுக்கு நேராக வர வேண்டும். முழு ஒரு பல் விலகியிருந்தால் யாரோ தப்பாக மாட்டியிருக்கிறார்கள். ஒரு பல்லுக்குக் குறைவாக, கொஞ்சம் பின்தங்கி நின்றால் செயின் நீண்டிருக்கிறது, ஏனென்றால் இழுக்கிற பக்கத்தில் கூடின நீளத்தை எந்த டென்ஷனராலும் எடுக்க முடியாது. எவ்வளவு பின்தங்கினால் மாற்றுவது என்பதில் நான் வைத்திருப்பது கண் அளவுதான்: கால் பல் என்றால் ஓட்டுங்கள், அரைப் பல் என்றால் மாற்றுங்கள். வேறு மெக்கானிக் வேறு மாதிரி சொல்வார், சண்டைக்குப் போக மாட்டேன். உங்கள் சி70-இல் பாயின்ட் (ஸ்பார்க் எப்போது வர வேண்டும் என்று தீர்மானிக்கும் சுவிட்ச்) மேக்னட்டுக்குள் இருப்பதால் செயின் நீண்டாலும் இக்னிஷன் டைமிங் மாறாது. பழைய சி90 வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுடையதில் பாயின்ட் ஹெட்டில், கேமின் நுனியில் இருக்கிறது, செயின் நீண்டால் ஸ்பார்க்கும் சேர்ந்து பின்தங்கும். கார்புரேட்டரைக் கழுவிக் கழுவிப் பார்த்தும் மலை ஏறாத சி90-களில் சிலவற்றுக்கு நோய் இதுதான்.

மாற்றுவதென்றால் செயினை மட்டும் மாற்றாதீர்கள். பழைய ரோலரில் பழைய செயின் வெட்டிய தடம் இருக்கும், புதுச் செயின் அந்தப் பள்ளத்தில் ஓடாது, ஏறி இறங்கி அதே சத்தம் போடும். செயின், இரண்டு ரோலர், ராடின் ரப்பர், ஸ்பிரிங் எல்லாம் ஒரே நாளில். பழைய செயினின் கண்ணிகளை எண்ணி, புதிதும் 82தானா என்று கடையிலேயே நின்று எண்ணிப் பாருங்கள். கப்பில் எஞ்சினுக்கு எஞ்சின் எண்ணிக்கை வேறு, பாக்கெட்டில் எழுதியிருப்பதை நம்பி வீட்டுக்குக் கொண்டுவந்து தலையில் கை வைத்தவர்கள் உண்டு. மேக்னட்டை இழுக்கப் புல்லர் இல்லாமல் சுத்தியலால் தட்டும் யோசனை இருந்தால் அந்த வேலையைக் கடையில் கொடுத்துவிடுங்கள். மாட்டி முடித்ததும் கிக்கரைத் தொடுவதற்கு முன் மேக்னட்டைக் கையால் இரண்டு முழுச் சுற்றுத் திருப்பி, குறிகள் மறுபடி நேராக வருகின்றனவா, நடுவில் எங்காவது இடிக்கிறதா என்று பாருங்கள். இடித்தால் பலம் போடாதீர்கள், அது வால்வு.

இவ்வளவு எழுதினாலும், உங்களுடையதில் முதல் ஐந்து நிமிஷ வேலையிலேயே முடிந்துவிட வாய்ப்பு இருக்கிறது. எனவே சாமான் வாங்கப் போகாதீர்கள், நாளைக் காலையில் பூட்டை அரைச் சுற்றுத் திறந்து பார்த்துவிட்டுச் சத்தம் மாறியதா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள். 14 போல்ட்டைக் கழற்ற நேர்ந்தால் அதன் வாஷரைப் புதிதாகப் போடுங்கள், இரவு எஞ்சினுக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். விடிந்ததும் அட்டையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள், 14-க்கு நேர் கீழே என்றால் வாஷர், கொஞ்சம் இடது ஓரமாக என்றால் பக்கத்துப் பூட்டு நட்.